காக்காச்சி கோல்ஃப் மைதானம் யாருடைய இடம்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, துரைமார் தங்கிய லாட்ஜ் பங்களாக்களும் இருக்கின்றன. புலிகள் காப்பகத்துக்கு நடுவில் இதெல்லாம் எப்படி வந்தது? சிங்கம்பட்டி ராஜா சீட்டாட்டத்தில் தோற்ற நிலம் என்று என் தாத்தா சொல்வார். அது உண்மையா? இப்போது அங்கே போய் இரண்டு நாள் தங்க முடியுமா?" மேலே பார்த்தால் மூன்று நான்கு கேள்விகள். நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான்: அந்த நிலம் யாருடையது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? அதைச் சொல்லிவிட்டால் கோல்ஃப், பங்களா, தங்குவது எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் கல்லிடைக்குறிச்சி. சங்கிலியும் கொடியும் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கணினியில் வரைபடம் வந்த காலத்தில் வெளியே வந்தேன். பத்திரம், புலப்படம், எல்லைக்கல் இந்த மூன்றைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சட்ட நுணுக்கத்துக்கு வக்கீலைத்தான் கேட்க வேண்டும். கோல்ஃப் மட்டையை நான் கையில் பிடித்ததே இல்லை. அந்த ஆட்டத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்ததுதான். எது பத்திரத்தில் உள்ளது, எது ஊர்ப்பேச்சு, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். 1929 பிப்ரவரி 12 அன்று சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டிலிருந்து 8,373 ஏக்கர் 57 சென்ட் நிலத்தை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. இன்றைய கணக்கில் சுமார் 3,389 ஹெக்டேர். குத்தகை என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்கவில்லை, தானம் கொடுக்கவில்லை, தோற்கவும் இல்லை. நம் பக்கத்தில் வயலைக் குத்தகைக்கு விட்டவனுக்குத் தெரியும், பயிர் வைக்கிறவன் யாராக இருந்தாலும் பட்டா மாறாது. சீட்டாட்டத்தில் தோற்றவன் கெடு வைத்து, ஏக்கருக்கு அடுத்து சென்ட் வரைக்கும் எழுதிப் பதிவு செய்து கொடுப்பானா? உங்கள் தாத்தா மீது தப்பில்லை. எங்கள் தெருவில் அதையே குதிரைப் பந்தயம் என்று சொன்னார்கள். ஒரு பெரிய வீடு எதையாவது இழந்தால் ஊர் அதற்கு ஒரு சூதாட்டத்தைக் கட்டிவிடும், அவ்வளவுதான்.

அவ்வளவு காடு ஒரு ஜமீனிடம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இங்கே கால் வைப்பது கொஞ்சம் வழுக்கலான இடம். சிங்கம்பட்டி மறவர் பாளையம். பாளையக்காரர்கள் பின்னால் ஜமீன்தார் ஆனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். மார்த்தாண்ட வர்மா அரியணைக்காக எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களோடு மோதிக்கொண்டிருந்தபோது சிங்கம்பட்டிப் படை துணைக்குப் போனது, அதில் இந்தப் பக்கத்து இளவரசர் ஒருவர் இறந்தார், அதற்கு நன்றியாகத் திருவிதாங்கூர் மன்னர் 'நல்லகுட்டி' என்ற பட்டத்தையும் மலைக்காடுகளையும் கோயில்களையும் கொடுத்தார் என்பது ஜமீன் மரபு. 'நல்லகுட்டி' என்ற பட்டம் அந்தக் குடும்பத்தாரின் பெயர்களில் தொடர்ந்து வந்ததால் மரபுக்கு ஏதோ ஒரு வேர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் எந்த மலை முகட்டிலிருந்து எந்த ஓடை வரைக்கும் கொடுத்தார் என்பது வேறு கதை. அந்தக் காலத்து மன்னர்கள் கொடுத்த காட்டுக்கு எல்லைக்கல் கிடையாது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு சிங்கம்பட்டி ராஜா ராஜ உடையில் வந்து உட்காருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். 2020 மே மாதம் காலமான முருகதாஸ் தீர்த்தபதி வரைக்கும் அது நடந்தது. மலைக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உள்ள உறவுக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்த சாட்சி அதுதான்.

அடுத்தது, ஏன் குத்தகைக்கு விட்டார்கள் என்பது. மாவட்டம் முழுக்க வழங்கும் பதில் ஒரு கொலை வழக்கு. சென்னையில் நியூயிங்டன் ஹவுஸ் என்ற மாளிகையில் மைனர் ஜமீன்தார்களுக்கு ஒரு கல்லூரி நடந்தது. அதன் முதல்வர் கிளமெண்ட் டி லா ஹே 1919 அக்டோபர் 15 இரவு தூங்கிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தார். அங்கே படித்த கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகள் இருவரும் வழக்கில் இழுக்கப்பட்டார்கள். சென்னையில் பரபரப்பு தாங்காமல் வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டது. கடைசியில் யாரும் தண்டிக்கப்படவில்லை. இதுவரை பதிவில் உள்ளது. இதற்கு மேல் ஊர் சொல்வது: வழக்குச் செலவு ஜமீனைக் கடனில் தள்ளியது, கடனை அடைக்க மலையைக் குத்தகைக்கு விட்டார்கள்.

இருக்கலாம். பம்பாய்க்கு வக்கீல் வைத்து வழக்கு நடத்துவது அன்றைக்குச் சாதாரணச் செலவு இல்லை. ஆனால் கொலை 1919, வழக்கு 1920, குத்தகை 1929. நடுவில் ஒன்பது வருடம் கிடக்கிறது. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் கடன் இல்லாத ஜமீனைத் தேடினால் கிடைத்திருக்காது. அரசுக்குப் பேஷ்குஷ் என்ற வரி கட்ட வேண்டும், கல்யாணம் காட்சி, கோயில் மண்டகப்படி, பங்காளி வழக்கு. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், கொலை வழக்கு கடனுக்கு ஒரு பெரிய காரணமாக இருந்திருக்கும், ஒரே காரணமாக இருந்திருக்காது. அப்புறம், குத்தகைக்கு விடுகிறவன் கஷ்டம் பாதிக் கதைதான். எடுக்கிறவனுக்கு அந்த இடம் ஏன் வேண்டியிருந்தது என்பது மீதிப் பாதி. ஊர்க்கதையில் அந்தப் பாதி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

கம்பெனி பெயரிலேயே பர்மா இருக்கிறது. ஸ்காட்லாந்து எடின்பரோவிலிருந்து வந்த வாலஸ் சகோதரர்களின் வியாபாரத்திலிருந்து 1863-ல் பிறந்தது. தொழில் தேக்கு மரம். 1885-ல் மேல் பர்மாவின் மன்னர் தீபோவின் அரசவை, உரிய வரி கட்டாமல் மரம் எடுத்ததாக இந்தக் கம்பெனிக்குப் பெரிய அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்துத்தான் ஆங்கிலேயர் மூன்றாம் பர்மா போரைத் தொடங்கினார்கள். தீபோ ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். காட்டைக் குத்தகைக்கு எடுப்பது, யானையை வைத்து மரம் இழுப்பது, காட்டுக்குள் மாதக்கணக்கில் ஆளைக் குடியமர்த்துவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. 1913 வாக்கில் ஆனைமலைப் பக்கம் தேயிலையில் இறங்கினார்கள். பதினாறு வருடம் கழித்து அதே கையோடு நம் மலைக்கு வந்தார்கள். ஆக, சிங்கம்பட்டிக்குப் பணம் தேவைப்பட்டதும் இவர்களுக்கு மலை தேவைப்பட்டதும் ஒரே நேரத்தில் கூடிவந்தது.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மேலே போகப் போக வரும் பெயர்களெல்லாம் அந்தக் குத்தகைக்குள் எழுந்த குடியிருப்புகள். உயரம் சுமாராக 1,000 மீட்டரில் தொடங்கி 1,500 வரை போகிறது. தேயிலை பிரதானம், ஏலம், காபி, சின்கோனாவும் வைத்தார்கள். சின்கோனா பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்குக் கொயினா எடுப்பார்கள். காட்டை அழித்துக் குடியேறியவர்களுக்கு முதல் எதிரியே அந்தக் காய்ச்சல்தான்.

இனி கோல்ஃப். கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் நடக்கும் கிளப்களில் அதுதான் பழையது. கொடைக்கானலில் 1895. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில், மூணாறில் தோட்டக்காரர்களின் ஹைரேஞ்ச் கிளப்பில் என்று வெள்ளைக்காரன் எங்கே குளிருக்கு ஏறினானோ அங்கே நாலு குழியாவது தோண்டினான். தோட்டத் தொழிலில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. நம் பக்கத்தையே பாருங்கள்: பாபநாசம் ஆற்றுத் தண்ணீரை வைத்து மில் கட்டிய ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துதான். அவர்களுக்குக் கோல்ஃப் என்பது நமக்குச் சடுகுடு மாதிரி ஊர் விளையாட்டு. ஆகவே 1829-ஐயும் 1895-ஐயும் பார்க்கிறபோது காக்காச்சி மிகப் பிந்திய தம்பி. 1929-க்கு முன்னால் அங்கே கம்பெனித் தோட்டமே இல்லை, மைதானம் எப்படி இருக்கும்? நூற்றைம்பது வருடப் பழமை என்று சிலர் எழுதுவதை நம்ப வேண்டாம். இந்த ஒரு தேதியை வைத்தே தள்ளிவிடலாம்.

சரி, அந்த மலையில் அத்தனை இடம் இருக்க ஏன் காக்காச்சி? இது என் ஊகம், ஆனால் மண்ணைப் பார்த்துச் சொல்லும் ஊகம். நான் முதன்முதலில் மலை ஏறியது வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம். எங்கள் செயின்மேன் வெறுங்காலோடு அந்தப் புல்வெளிக்குள் இறங்கினார். பத்தடி வைப்பதற்குள் கணுக்கால் வரை தண்ணீர். மேலே பார்த்தால் பச்சைக் கம்பளம், கீழே ஊறிய கடற்பஞ்சு. சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து தண்ணீர் வந்து நின்று கசியும் தாழ்வான இடம் அது. தேயிலைக்கு மழை வேண்டும், வருடம் முழுக்கப் பரவலாக வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது, நின்றால் அழுகிவிடும். அதனால்தான் தேயிலைத் தோட்டங்களைச் சரிவில் பார்க்கிறீர்கள், வரிசைக்கு வரிசை வடிகால் வெட்டியிருப்பார்கள். தேயிலைக்கு ஆகாத, மரம் வெட்ட வேண்டாத, ஏற்கெனவே புல் கிடக்கிற ஒரு பள்ளம் துரைமாருக்கு இலவசமாகக் கிடைத்தது. ஒன்பது குழி மைதானத்துக்கு ஐம்பது அறுபது ஏக்கர் போதும். எட்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் ஏக்கரில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. விளைச்சலுக்கு நஷ்டம் இல்லாத இடத்தில்தான் விளையாட்டு வந்தது.

இடையில் ஒரு சர்வேயர் தமாஷ். நாங்கள் பிடித்த பழைய குண்டர் சங்கிலி ஒன்று 66 அடி, அதாவது 22 கெஜம். கோல்ஃப்காரர்களும் தூரத்தைக் கெஜத்தில்தான் சொல்வார்கள். 220 கெஜத்தில் ஒரு குழி என்றால் எங்களுக்கு அது சரியாகப் பத்துச் சங்கிலி. நாள் முழுக்க மலையில் சங்கிலி இழுத்து நொந்துபோன எங்கள் கூட்டத்தில் ஒருவர், "நாம பத்துச் சங்கிலி நடந்தா பயணப்படி கிடைக்கும், துரை நடந்தா விளையாட்டு" என்றார்.

இந்த மாதிரி மலைத்தோட்ட மைதானங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் கோல்ஃப் மைதானத்தோடு ஒப்பிடாதீர்கள். குழியைச் சுற்றி நகம் வெட்டினாற்போல் புல் வளர்ப்பது பெரிய செலவு. இந்தியாவில் பல சின்ன மைதானங்களில் அதற்குப் பதிலாக மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி வட்டமாகப் பரப்பி வைப்பார்கள். பச்சைக்குப் பதில் பழுப்பு, அதனால் அதற்குப் பெயரே பிரவுன். ஆடி முடித்ததும் காலடித் தடத்தை ஒரு பலகையால் இழுத்துச் சமப்படுத்திவிட்டு அடுத்த குழிக்குப் போவார்கள். புல்லை மாடு மேய்ந்து சரிசெய்யும். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் பந்து விழுந்தால் அபராதம் இல்லாமல் எடுத்து வேறிடத்தில் போட்டுக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. காக்காச்சி மழையில் ஆடுகிறவன் பந்தை அடித்த நேரத்தைவிட எடுத்துப்போட்ட நேரம்தான் அதிகமாக இருந்திருக்கும். தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், இரண்டுக்கும் நடுவில் மூடுபனி. மிளாவும் காட்டுமாடும் இறங்கும், காட்டுப்பன்றி புழுவுக்காக மண்ணைக் கிளறும், எல்லாவற்றுக்கும் மேலே அட்டை. இன்னொரு பொருத்தம் பாருங்கள்: கோல்ஃப் விதிகளைக் காக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் மட்டைக்கு மரத்தண்டுக்குப் பதில் எஃகுத்தண்டு போடலாம் என்று அனுமதித்ததும் இதே 1929-ல்தான். ஆகவே காக்காச்சியில் முதலில் வீசப்பட்ட மட்டைகளில் பழைய மரத்தண்டும் புதிய எஃகும் கலந்தே இருந்திருக்கும்.

பங்களாக்களைப் பற்றி நீங்கள் 'லாட்ஜ்' என்ற சொல்லைப் போட்டிருந்தீர்கள். அது கொஞ்சம் திசைதிருப்பும் சொல். அவை யாரும் பணம் கட்டித் தங்குவதற்குக் கட்டப்பட்டவை இல்லை, உத்தியோக வீடுகள். பெரிய துரைக்கு ஒன்று, சின்ன துரைக்கு ஒன்று, வந்து போகிற கம்பெனி விருந்தாளிகளுக்கு ஒன்று. தென்னிந்தியத் தோட்ட பங்களாக்களுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு: சரிவின் மேல் மேடு தட்டி, எதிரே தோட்டம் முழுவதும் தெரிகிற மாதிரி நீள வராந்தா, தகரக் கூரை, உள்ளே கணப்பு, புகை வீட்டுக்குள் வராதபடி தள்ளிக் கட்டிய சமையலறை, குளியலறைக்குப் பின்புறமாகத் தனி வாசல். அந்தப் பின்வாசல் யார் வந்து போவதற்காக வைத்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வராந்தாவை மேட்டில் வைத்ததும் காட்சிக்காக மட்டும் இல்லை. எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்கள், எந்தக் கங்காணியின் ஆட்கள் பிந்துகிறார்கள் என்பது அங்கிருந்தே தெரியும்.

மைதானத்தின் கதையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான் ஆகும். அதே குத்தகைக்குள், பங்களாவுக்குக் கீழே லைன் வீடுகள் இருந்தன. ஒரு கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணிகள் கூட்டிவந்தவர்கள், அவர்களில் பெரும்பாலானோர் தாழ்த்தப்பட்ட மக்கள். தேயிலை வைத்ததும் கவாத்து வெட்டியதும் மைதானத்தில் பந்து பொறுக்கியதும் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். மூன்று நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது, ஆனால் ஒரு சென்ட்கூட அவர்கள் பெயரில் கிடையாது. இதை நான் சர்வேயராகவே சொல்கிறேன். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்த தொழிலாளிகளை விடுவிக்கவும் கோரி திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் ஓடியவர்களும் விரட்டப்பட்டவர்களுமாக 17 பேர் தாமிரபரணியில் இறந்தார்கள். ஒரு குழந்தையும் அதில் உண்டு. மாஞ்சோலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மூடுபனியும் தேயிலையும். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அந்த நாள்.

மறுபடியும் நிலத்துக்கு வருவோம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1952-ல் சிங்கம்பட்டி எஸ்டேட்டை அரசு எடுத்துக்கொண்டது. அன்றோடு ஜமீன் நிலச் சொந்தக்காரர் என்ற இடத்திலிருந்து இறங்கியது, அரசு அந்த இடத்தில் ஏறியது. குத்தகைக்காரர் மட்டும் மாறவில்லை. பர்மாவும் அதற்குள் அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தது; சுதந்திரம் பெற்ற பர்மா தேக்குக் காடுகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பெயரில் மட்டும் பர்மாவை வைத்துக்கொண்டு கம்பெனி தென்னிந்தியத் தோட்டங்களில் ஊன்றி நின்றது. பின்னாளில் அது பம்பாய் வாடியா குழுமத்தின் கைக்குப் போனது. நிறைய பேர் இங்கே குழம்புகிறார்கள். '2028 வரை ராஜாவின் நிலம்' என்று எழுதுகிறார்கள். 1952-க்குப் பிறகு ராஜாவுக்கு அதில் மண்ணுரிமை கிடையாது.

காட்டைச் சுற்றியும் சட்டம் இறுகிக்கொண்டே வந்தது. முண்டந்துறை 1962-ல் சரணாலயம் ஆனது, களக்காடு 1976-ல். இரண்டையும் சேர்த்து 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். 2018-ல் பழைய சிங்கம்பட்டி ஜமீன் காட்டைக் காப்புக்காடாக அரசு அறிவித்தது. ஆகவே 'புலிகள் காப்பகத்துக்குள் கோல்ஃப் மைதானம் எப்படி வந்தது' என்ற உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். மைதானம் முதலில் வந்தது, காப்பகம் அதைச் சுற்றி வந்து மூடிக்கொண்டது. காக்காச்சியைச் சுற்றியுள்ள காடு சாதாரணக் காடு இல்லை. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை வாங்கும் பசுமைமாறாக் காடு. வெடிப்பலா மரமும் செங்குரணியும் கூரை போட்டு நிற்கும், சிங்கவால் குரங்கும் கருமந்தியும் அதன் மேலேயே வாழும். மர உச்சியில் கயிறு கட்டி ஏறி, பூ எப்போது பூக்கிறது, யார் வந்து மகரந்தம் எடுக்கிறார்கள் என்று வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். காட்டியல் படித்தவர்களிடம் காக்காச்சி என்று சொன்னால் அவர்களுக்குக் கோல்ஃப் நினைவுக்கு வராது, அந்த மரங்கள்தான் வரும்.

இப்போதைய நிலை. குத்தகை முடிவது 2028 பிப்ரவரி 11. கம்பெனி அதுவரை காத்திருக்கவில்லை. 2024-ல் தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வு அறிவித்து ஜூன் மாதத்தோடு வேலையை நிறுத்தியது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்த வேண்டும், எங்களை அங்கேயே வாழ விட வேண்டும் என்று தொழிலாளிகள் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேயிலையைக் கவாத்து வெட்டாமல் விட்டால் அது செடியாக நிற்காது, மரமாகப் போய்விடும். இடுப்பளவில் இருப்பது வெட்டிக்கொண்டே இருந்ததால் வந்த உயரம். அந்தச் சரிவுகள் காடாகத் திரும்ப எத்தனை காலம் ஆகும் என்று காட்டுத்துறை நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. மைதானப் பள்ளத்துக்கு அந்தக் கவலை இல்லை. குழியை மூடினால் அது பழைய சதுப்புதான்.

கடைசியாக, தங்குவது. காக்காச்சியில் 'கோல்ஃப் ரிசார்ட்' என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி ஒன்று எப்போதும் இருந்ததில்லை. துரைமார் பங்களாக்களும் வாடகைக்கு விடும் கட்டடங்கள் இல்லை. குதிரைவெட்டியில் வனத்துறையின் ஓய்வு விடுதி ஒன்று உண்டு. அது எப்போது திறக்கும், வெளியாருக்குக் கொடுப்பார்களா என்பது வனத்துறை முடிவு. அம்பாசமுத்திரத்தில் காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். மணிமுத்தாறு அணை தாண்டிச் சோதனைச்சாவடியில் அனுமதி இல்லாமல் தனி வண்டியை விடமாட்டார்கள், மழை, யானை நடமாட்டம் என்று பல நாள் அடைத்தும் வைப்பார்கள். ஊத்து வரைக்கும் போகும் அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தால் காக்காச்சி வளைவில் வலது பக்கமோ இடது பக்கமோ பார்த்துக்கொண்டே இருங்கள், பனி விலகினால் புல்வெளி தெரியும். இறங்க அனுமதி கிடைத்தால் வெறும் செருப்போடு உள்ளே இறங்க வேண்டாம். உப்போ மூக்குப்பொடியோ ஒரு பொட்டலம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அட்டைக்கு அதுதான் மருந்து. உங்கள் தாத்தா கல்லிடைக்குறிச்சிக்காரர் என்றால் எந்தத் தெரு என்று எழுதுங்கள். அந்தச் சீட்டாட்டக் கதை எந்தத் திண்ணையில் பிறந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.